அவருடைய வியாழக்கிழமைகள்

என் வீட்டுக்காரரின் அக்கா டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு புனே வருகிறார் என்று தெரிந்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. விருந்தாளி வருவதில் எனக்கு வருத்தம் கிடையாது. மதினி கெட்டவரும் இல்லை, மூன்று பேருக்குச் சமைப்பதும் ஆறு பேருக்குச் சமைப்பதும் எனக்கு ஒன்றுதான். ஆனால் ஃபோனை வைத்த கையோடு இவர் என்னிடம் வந்து, "அஞ்சு நாள் சுட்டிக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டது.

லீவை இங்கே எல்லாரும் சுட்டி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஒன்பது வருடமாக நான் 'கிடைக்காது' என்பதோடு சேர்த்து மட்டுமே கேட்டிருக்கிறேன். என் தம்பி கல்யாணத்துக்கு முகூர்த்தத்தன்று காலையில் வந்து இறங்கினார், மறுநாள் ரயிலேறிவிட்டார். புனேயிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை நாள் பயணம். பந்தியில் சாப்பிட்ட நேரத்தைவிட ரயிலில் படுத்திருந்த நேரம் அதிகம். "கம்பெனி லைன்ல ஆளில்ல, என்ன செய்யச் சொல்லுத" என்றார். நானும் சரி என்றேன். அக்கா வருகிறார் என்றதும் லைனில் ஆட்கள் எங்கிருந்தோ முளைத்துவிட்டார்கள்.

புனேயில் ஆகுர்டிப் பக்கம் குடியிருந்தால்தான் எங்கள் வீட்டு நிலைமை புரியும். இங்கே கார் கம்பெனி, அதற்கு உதிரி செய்கிற கம்பெனி எல்லாவற்றுக்கும் வார லீவு வியாழக்கிழமை. அதை அனுசரித்துப் பாதிக் கடைகளும் அன்றைக்குத்தான் மூடும். நான் மழலையர் வகுப்பு எடுக்கிற பள்ளிக்கூடத்துக்கோ ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மகளும் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஆக, நானும் மகளும் வீட்டில் இருக்கிற நாளில் அவர் கம்பெனியில் இருப்பார். அவர் வீட்டில் இருக்கிற நாளில் நாங்கள் காலை ஏழரைக்குக் கிளம்பி நாலரைக்குத் திரும்புவோம். திரும்பும்போது அவர் கட்டிலில் படுத்திருப்பார். வாரம் முழுக்க ஷிஃப்ட் மாறி மாறி உழைத்த மனிதர் தூங்கட்டும் என்று நான் சத்தம் போடாமல் டீ போடுவேன். மகளையும் அதட்டி வைப்பேன். இப்படி ஒன்பது வருடம். மூன்று பேரும் சேர்ந்து வெளியே போனது ஆடிக்கு ஒரு நாள், அமாவாசைக்கு ஒரு நாள்.

அதனால் புனேயில் குடியிருந்தும் புனேயை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, வருடத்துக்கு ஒரு முறை முருகன் கோயில், அவ்வளவுதான் என் ஊர்.

மதினி, அவர் வீட்டுக்கார அண்ணன், அவர்களுடைய பதினான்கு வயது மகள், மூன்று பேரும் ஸ்டேஷனில் இறங்கும்போதே தலையில் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், காதில் பஞ்சு. மதியம் ஒரு மணி வெயில். பக்கத்தில் நின்ற போர்ட்டர் அரைக்கைச் சட்டையோடு நின்றார். "புனால குளிர் கொன்னுரும்னு சொன்னாவளே" என்றார் மதினி. இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அக்காவின் கையிலிருந்த பையை வாங்கினார். அதில் மிதுக்க வத்தலும் கருப்பட்டியும் தம்பிக்கென்று தனியாகக் கட்டியிருந்தது. எனக்கும் ஒரு சேலை இருந்தது. நல்ல சேலைதான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததும் ஒரு எரிச்சலாகவே இருந்தது.

என் பள்ளிக்கூடத்துக்கும் கிறிஸ்துமஸ் லீவு என்பதால் நானும் எல்லா இடத்துக்கும் கூடப் போனேன். போனேன் என்பதைவிட, தொங்கிக்கொண்டு போனேன் என்று சொல்லலாம். முதல் நாள் மெட்ரோ. அது ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம் என்று நான் எத்தனை முறை கேட்டிருப்பேன். "அதுல என்ன இருக்கு, டிரெயின்தான" என்பார். அன்றைக்கு மதினியை ஜன்னலோரம் உட்காரவைத்து, "யக்கா, இப்ப ஆத்துக்கு மேல போவும், பாத்துக்கோ" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் அடுத்த பெட்டித் தடுப்பருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு போனது எனக்கு ஒரு தடியனின் முதுகுக்குப் பின்னால்.

மதினி என்னை மறந்துவிட்டார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். "ஏட்டி, நீ வந்து உக்காரு, நீ இதெல்லாம் தெனம் பாக்கதுதான, இருந்தாலும் கால் வலிக்கும்லா" என்று அவர்தான் கூப்பிட்டார். தினமும் பார்ப்பது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும், "ஆமா மதினி, எனக்குப் பழக்கந்தான்" என்றேன். இல்லை, நானும் இன்றைக்குத்தான் முதல் தடவை ஏறுகிறேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, சிங்கட் கோட்டைக்குப் போவதாகச் சொன்னார். அது ஊருக்குத் தெற்கே ஒரு மலைமேல் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். கசார்வாடியில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் நண்பரிடம் கார் வாங்கி வந்து இவரே ஓட்டினார். மதினிக்கு மலைப்பாதையில் தலை சுற்றும் என்று முன் சீட் அவருக்குப் போனது. எனக்கும்தான் தலை சுற்றும், யார் கேட்டார்கள்? பின்னால் அந்தக் கதவோரம் அண்ணன், இந்தக் கதவோரம் நான், நடுவில் வேலி மாதிரி இரண்டு பெண் பிள்ளைகள். என் மடியில் தண்ணீர்க் கேனும் புளியோதரை டப்பாவும்.

வழி முழுக்க அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே வந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வளைவில் மழைக்காலத்தில் அருவி விழும், அந்தத் திருப்பத்தில் குரங்கு உட்கார்ந்திருக்கும், இந்த இடத்தில் கண்ணாடியை இறக்கினால் காற்று சில்லென்று வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சொன்ன திருப்பத்தில் குரங்கு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத மனிதருக்கு ஊரில் இவ்வளவு தெரியுமா என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினால் வழியெல்லாம் சிறு சிறு கொட்டகைகள். தரையில் பாய் விரித்து, விறகடுப்பில் சோள ரொட்டி தட்டி, கடலைமாவுக் கூட்டோடு கொடுப்பார்கள். குட்டி மண்சட்டியில் தயிர். ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் கூவிக் கூப்பிட்டார்கள். இவர் எதையும் திரும்பிப் பார்க்காமல் நேரே போய்க் கடைசிக்கு முந்தின கொட்டகையில் செருப்பைக் கழற்றினார். அடுப்பருகே இருந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும், கச்சம் வைத்துக் கட்டிய சேலை, கையெல்லாம் மாவு. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து மராத்தியில் கேட்டார்:

"ஆஜ் தர் குருவார் நாஹி?"

இன்றைக்கு வியாழக்கிழமை இல்லையே என்று அர்த்தம். மதினிக்கும் அண்ணனுக்கும் அது புரிய வழியில்லை. எனக்குப் புரிந்தது. நாள் முழுக்க மராத்திப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான். இவர், பாவனையே மாறாமல், "அக்கா ஆலீ காவாஹூன்" என்று, ஊரிலிருந்து அக்கா வந்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் எங்களை எல்லாம் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "இப்பவாவது தனியா வராம இருந்தீங்களே" என்கிற மாதிரி என்னவோ சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் உச்சம். எங்களுக்கெல்லாம் என்ன வேண்டும் என்று கேட்ட அந்தப் பெண் இவரிடம் மட்டும் கேட்கவில்லை. தானாகவே ஒரு தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் தயிரைக் கவிழ்த்து, ஓரமாகப் பச்சைமிளகாய்த் துவையல் வைத்து நீட்டினார். இவர் அதைப் பிசைந்து சாப்பிட்டார். வீட்டில் மார்கழி மாதம் தயிரை எடுத்து வைத்தால் சளி பிடிக்கும் என்று கிண்ணத்தை நகர்த்துகிறவர். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். என் மகள், "அம்மா, காரமா இருக்கா?" என்று கேட்டாள்.

கோட்டையில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கல், வாசல், தூரத்தில் அணைக்கட்டுத் தண்ணீர், வெயிலில் காய்ந்த புல். எல்லாவற்றின் மேலும் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை, வியாழக்கிழமை. நான் டீயைக்கூடச் சத்தமில்லாமல் ஆற்றிக்கொண்டிருந்த அத்தனை வியாழக்கிழமைகளும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்? கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிற ஒரு நாகப்பூர்க்காரியைப் பற்றி எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அவளை உடனே மனசுக்குள் இவருடைய பைக்கின் பின்னால் ஏற்றி உட்காரவைத்துவிட்டேன். இறங்கும் வழியில் அவளுக்கு ஒரு துப்பட்டாவும் போட்டுவிட்டாயிற்று. அந்தப் பெண்மணி தனியாக என்று சொன்னது காதில் விழுந்தும், அதை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. எரிகிற வயிற்றுக்கு எது வேண்டுமோ அதைத்தானே கேட்கும்.

மறுநாள் காலை மதினியும் நானும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நான் பொதுவாகக் கேட்கிறமாதிரி, "நேத்து அந்தக் கொட்டகைக்காரிக்கு இவியளத் தெரியும் போலிருக்கே மதினி" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாம இருக்குமா? மாசத்துல ரெண்டு மூணு வியாழன் போயிருவானாம்லா" என்றார் மதினி, தலையணை உறையை உதறிக்கொண்டே.

"யார் சொன்னா?"

"அவந்தான் சொன்னான். வந்த அன்னைக்குச் சாயங்காலம், நீ உள்ள மாவாட்டிக்கிட்டு இருந்தல்லா, அப்ப. லீவு நாள்ல என்னல செய்வன்னு கேட்டேன். பைக்க எடுத்துக்கிட்டு மலைக்குப் போவேன்க்கா, ஒனக்கும் காட்டுதேன்னான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கை நின்றது. "ஏட்டி, ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மதினி. நீங்க சொல்லுதீயளான்னு பாத்தேன்" என்றேன்.

பொய். ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாதது, வந்து நாலு மணி நேரம் ஆன மதினிக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் அவர் வீட்டுப் பிள்ளைக்கும் அவருக்கும் சேர்த்து நான் கிரைண்டர் முன்னால் நின்ற நேரத்தில். அந்த நாகப்பூர்க்காரியே தேவலை என்று தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் பால் வாங்கப் போகிற சாக்கில் அவரோடு இறங்கினேன். கேட் தாண்டியதும் கேட்டேன்.

"மலைக்கு யார் கூடப் போவீய?"

"யார் கூடயும் இல்ல."

"அங்கன போய் என்ன செய்வீய?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"சும்மா உக்கார அம்புட்டுத் தூரமா?"

"ஆமா. அங்க யாரும் நம்மகிட்ட எதையும் கேக்க மாட்டாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல" என்றார். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. கடையில் பால் பாக்கெட் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்புறம், "ஒரு வியாழக்கிழமை லீவு போடேன், கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஒரு பெண் பேரைச் சொல்லியிருந்தால் அவளைத் திட்டித் தீர்த்து, பிறந்த வீட்டுக்கு ஃபோன் போட்டு அழுது, எப்படியோ ஆறியிருப்பேன். தனியாக என்கிறாரே. தனியாக என்பதோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த மலைமேல் அவர் பக்கத்தில் யாரும் இல்லை, அந்த யாரும் இல்லாததை என்னைவிட அவருக்குப் பிடித்திருக்கிறது. நான் எவ்வளவு சத்தமில்லாமல் டீ போட்டும் அவருக்கு அது போதவில்லை. கேட்கவில்லை என்று என் மேல் பழி வேறு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். நியாயம்தான், நான் கேட்டதில்லை. தண்ணீர் வந்ததா, கேஸ்காரன் வந்தானா என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டதில்லை. தூங்குகிறவரிடம் என்னத்தைக் கேட்பது என்று இருந்துவிட்டேன். இந்த நியாயம் எல்லாம் பால் வாங்கித் திரும்பி வருகிற வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயில் வந்தது வேறு.

"அதான் நேத்தே பாத்துட்டேனே. கல்லும் மண்ணும். ஒரு தடவ போதும்" என்றேன்.

அவர் சரி என்றார்.

மதினி கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடம்பப் பாத்துக்கோட்டி" என்று மட்டும் சொன்னார். தம்பியின் தோளைத் தட்டி, "மாசாமாசம் ஃபோட்டோ அனுப்புல, மலைய" என்றார். ரயில் நகர்கிற வரைக்கும் நான் நன்றாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வியாழக்கிழமை காலை, மகளுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டே, "இன்னைக்கு மலைதானா?" என்று கேட்டேன். கேட்கவில்லை என்றுதானே சொன்னார், கேட்டேன். ஆனால் கேட்ட விதம் எனக்கே தெரியும். நாத்தனாரும் போலீஸ்காரரும் சேர்ந்து கேட்டாலும் அப்படி இருக்காது. அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இல்ல, வீட்லதான்" என்றார்.

நாலரைக்கு வந்தபோது நிஜமாகவே வீட்டில்தான் இருந்தார். துணி மடித்து வைத்திருந்தது. பாத்திரம் கழுவியிருந்தது. தூங்கவும் இல்லை, சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வியாழனும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பக்கத்து வீட்டு மராத்திக்காரி என்னிடம், உன் புருஷன் மாதிரி உண்டா, துணியெல்லாம் காயப்போடுகிறாரே என்று பொறாமைப்பட்டாள். எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. வாசலில் பைக் நிற்பதைப் பார்த்துவிட்டுப் படியேறும்போது கால் லேசாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் முகத்தை நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. பார்த்தும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மதினி என் நம்பருக்குக் கூப்பிட்டார். நலம் விசாரித்துவிட்டு, "தம்பி மலைக்குப் போயிட்டு வந்துட்டானா? ஃபோட்டோ ஒண்ணையும் காணுமே" என்றார்.

"இல்ல மதினி. அவிய இப்பல்லாம் எங்கயும் போறதில்ல. லீவுன்னா வீட்டுலதான் இருக்காவ" என்றேன்.

மதினி, "சரிட்டி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது. இரண்டு எட்டு தள்ளி உட்கார்ந்திருந்த அவருக்கும் கேட்டிருக்கும். அவர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.